லாகின் ஆகிறது, ஃபைல் மட்டும் போகவில்லை: பல ஐபி உள்ள சர்வரில் எங்கே பார்ப்பது?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். ஒரு லினக்ஸ் சர்வர், ஒரே நெட்வொர்க் கார்டில் நான்கு ஐபி முகவரிகள். தினமும் இரவு பில்லிங் ஃபைல் ஒன்றை வெளி நிறுவனத்தின் எஃப்டிபி (ஃபைல் பரிமாறும் நெறிமுறை) சர்வருக்கு அனுப்ப வேண்டும். அவர்கள் உங்கள் நான்கில் ஒரு ஐபியை மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். உங்கள் ஆட்களே எழுதிய ஸ்கிரிப்டில் அந்த ஐபியைக் குறிப்பிட்டும் இருக்கிறீர்கள். லாகின் ஆகிவிடுகிறது. ஆனால் ஃபைல் பட்டியலைக் கேட்டாலோ, ஃபைலை ஏற்றினாலோ அப்படியே நின்று, கொஞ்ச நேரம் கழித்து 425 என்று பிழை வருகிறது. வெளியிலிருந்து உங்கள் சர்வருக்குள் வருபவர்களுக்கு நான்கு ஐபியிலும் ஒரு குறையும் இல்லை. ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தும் மாற்றம் இல்லை. தப்பு யார் பக்கம் என்று கேட்கிறீர்கள்.

யார் பக்கம் என்பதைக் கடைசியில் பார்ப்போம். இதற்குள் ஒளிந்திருக்கும் கேள்வி வேறு. என் சர்வரிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு கனெக்‌ஷனும் எந்த ஐபியை அனுப்புநராகப் போட்டுக்கொண்டு போகிறது, அதை முடிவு செய்வது யார்? இது தெரிந்துவிட்டால் மீதி வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தெரியாமல் ஃபயர்வாலைத் திறந்து மூடிக்கொண்டிருந்தால் ஒரு வாரம் ஓடிவிடும்.

உள்ளே வரும் கனெக்‌ஷனில் இந்தப் பிரச்சினையே கிடையாது. ஒருவர் உங்கள் மூன்றாவது ஐபியைத் தேடி வந்தால், பதிலும் அதே மூன்றாவது ஐபியிலிருந்துதான் போகும். டிசிபியில் வேறு வழியில்லை. அதனால் ‘உள்ளே வருவதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது’ என்பது வெளியே போவதைப் பற்றி எந்தத் தகவலையும் தருவதில்லை. வெளியே போகும்போது தேர்வு செய்வது உங்கள் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. அது பார்க்கும் வரிசை இதுதான்: புரோகிராமே ‘இந்த ஐபியிலிருந்து போ’ என்று சாக்கெட்டைக் கட்டிவைத்திருந்தால், அதாவது பைண்ட் செய்திருந்தால், அதுதான். இல்லாவிட்டால், எந்த இலக்குக்கு எந்த வழி என்று சொல்லும் பட்டியலில், அந்த இலக்குக்கான ரவுட்டிங் வரியில் ‘எஸ்ஆர்சி’ என்று ஒரு முகவரி எழுதியிருந்தால் அது. அதுவும் இல்லாவிட்டால், பாக்கெட் வெளியேறும் கார்டில் பொருத்தமான முதன்மை முகவரி.

இந்த முதன்மை முகவரி என்பது நீங்கள் மனதில் முதன்மையாக வைத்திருக்கும் முகவரி இல்லை. ஒரே சப்நெட்டில், அதாவது ஒரே முகவரி வரம்பில், பல முகவரிகளைச் சேர்த்தால், முதலில் சேர்ந்தது முதன்மை, பின்னால் வந்தவை எல்லாம் ‘செகண்டரி’. ‘ஐபி அட்ரஸ் ஷோ’ கமாண்டை அடித்துப் பாருங்கள், செகண்டரி என்ற சொல் சில வரிகளில் நிற்கும். அது இல்லாத வரிதான் வெளியுலகுக்கு உங்கள் சர்வரின் முகம். கான்ஃபிகரேஷன் ஃபைலில் யாராவது வரிசையை மாற்றிவைத்து, மாதங்கள் கழித்து ஒருநாள் சர்வரை ரீபூட் செய்யும்போது அந்த முகம் மாறிவிடும். ‘நாங்கள் எதையுமே மாற்றவில்லை, ரீபூட்தான் செய்தோம்’ என்று வரும் புகார்களில் கணிசமானவை இந்த வகை.

இனி எஃப்டிபி. இணையத்தின் மிகப் பழைய நெறிமுறைகளில் ஒன்று இது. 1971-ல் எம்ஐடியில் இருந்த அபய் பூஷண் எழுதிய ஆர்எஃப்சி 114 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் தொடங்கியது; இன்று நாம் புழங்கும் வடிவம் 1985-ல் வந்த ஆர்எஃப்சி 959. ஃபயர்வாலும், வழியில் ஐபியை மாற்றி எழுதும் நேட்டும் இல்லாத காலத்தில் பிறந்ததால் ஒரு வேலைக்கு இரண்டு கனெக்‌ஷன் என்ற ஏற்பாட்டை அது தாராளமாக வைத்துக்கொண்டது. போர்ட் 21-க்குப் போகும் கன்ட்ரோல் கனெக்‌ஷனில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, கமாண்டுகள் போகும். ஃபைல் போவதும், பட்டியல் வருவதும்கூட, ஒவ்வொரு முறையும் புதிதாகத் திறக்கப்படும் டேட்டா கனெக்‌ஷனில். ஆக லாகின் ஆகிறது என்றால் முதல் கனெக்‌ஷன் சரி என்று மட்டும்தான் பொருள். இரண்டாவது கனெக்‌ஷனுக்கு மேலே சொன்ன ஐபி தேர்வு மறுபடி முதலிலிருந்து நடக்கும். முதல் கனெக்‌ஷன் எந்த ஐபியில் போனது என்பதைக் கெர்னல் நினைவில் வைத்துக்கொள்ளாது.

உங்கள் ஸ்கிரிப்டில் நடப்பது இதுவாகத்தான் இருக்கும் என்பது என் முதல் சந்தேகம். ஐபியை பைண்ட் செய்யும் வரியைக் கன்ட்ரோல் சாக்கெட்டுக்கு மட்டும் எழுதியிருப்பார்கள். டேட்டா சாக்கெட்டைத் திறக்கும் இடத்தில் அது விட்டுப்போயிருக்கும். சொந்தமாக எழுதிய கோடில் இது சகஜம், ஏனென்றால் ஒரே ஒரு ஐபி உள்ள மெஷினில் சோதித்துப் பார்க்கும்போது இந்தக் குறை வெளியே தெரியவே தெரியாது. விளக்கத்துக்காக உங்கள் முகவரிகளை 198.51.100.10 முதல் 13 வரை என்றும், அவர்களுடையதை 203.0.113.25 என்றும் வைத்துக்கொள்வோம் (ஆவணங்களில் எடுத்துக்காட்டுக்கென்றே ஒதுக்கப்பட்ட எண்கள் இவை, யாருக்கும் சொந்தமில்லை). அனுமதி பெற்றது 13. லாகின் 13-லிருந்து போகிறது. டேட்டா கனெக்‌ஷன் முதன்மையான 10-லிருந்து போய் அவர்கள் வாசலில் நிற்கிறது.

அங்கே இரண்டில் ஒன்று நடக்கும். அவர்கள் ஃபயர்வால் 10-ஐத் தெரியாது என்று சத்தமில்லாமல் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடலாம். அப்போது உங்கள் பக்கம் நீண்ட மௌனம், பிறகு டைம்அவுட். அல்லது ஃபயர்வால் விட்டுவிட்டு, எஃப்டிபி சர்வரே தடுக்கலாம். பல எஃப்டிபி சர்வர்கள் டேட்டா கனெக்‌ஷன் எந்த ஐபியிலிருந்து வருகிறது என்று பார்த்து, கன்ட்ரோல் கனெக்‌ஷனின் ஐபியோடு ஒத்துப்போகாவிட்டால் துண்டித்துவிடும். லினக்ஸில் பரவலாக உள்ள எஃப்டிபி சர்வர் மென்பொருளான விஎஸ்எஃப்டிபிடி இப்படிச் செய்யும்போது ‘425 செக்யூரிட்டி: பேட் ஐபி கனெக்டிங்’ என்று வெளிப்படையாகவே சொல்லும். இது வெறும் கெடுபிடி இல்லை. பாஸிவ் மோடில் (டேட்டாவுக்கு சர்வர் போர்ட்டைத் திறந்துவைக்க, நீங்கள் போய் இணையும் முறை) சர்வர் திறந்துவைக்கும் போர்ட்டுக்கு மூன்றாவது ஆள் ஒருவர் முந்திக்கொண்டு வந்து உங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்கத்தான் அந்தச் சோதனை. அதைத் தளர்த்தும் செட்டிங் விஎஸ்எஃப்டிபிடியில் இருக்கிறது. ஆனாலும் அதைத் தளர்த்தச் சொல்லி எதிர்த்தரப்பைக் கேட்காதீர்கள். உங்கள் ஓட்டையை அடைக்க அவர்கள் கதவைக் கழற்ற வேண்டியதில்லை.

425 என்ற எண்ணுக்குப் பொதுவான பொருள் ‘டேட்டா கனெக்‌ஷனைத் திறக்க முடியவில்லை’ என்பது மட்டுமே. அதனால் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள், அதன் பின்னால் வரும் வாக்கியத்தை முழுதாகப் படியுங்கள். 530 வந்தால் லாகின் சிக்கல், 550 வந்தால் பெரும்பாலும் ஃபோல்டர் அல்லது அனுமதி சிக்கல். அவற்றுக்கும் நாம் பேசும் விஷயத்துக்கும் சம்பந்தமில்லை. ஸ்கிரிப்ட் அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு எண்ணை மட்டும் லாகில் எழுதுகிறது என்றால், முதல் திருத்தம் அங்கேதான்.

மேலே சொன்னதெல்லாம் பாஸிவ் மோடுக்கு. உங்கள் ஸ்கிரிப்ட் ஆக்டிவ் மோடில் இருக்கவும் வாய்ப்புண்டு. கேள்வியில் அது இல்லை. ஆக்டிவ் மோடில் திசை தலைகீழ். நீங்கள் ஒரு போர்ட்டைத் திறந்துவைத்து, அதன் விலாசத்தை ‘போர்ட்’ கமாண்டில் எழுதி அனுப்புவீர்கள். அவர்கள் சர்வர் உங்களைத் தேடி வரும். அந்த விலாசம் காற்புள்ளி போட்ட ஆறு எண்களாகப் போகும். 198,51,100,13,195,80 என்றால் முதல் நான்கும் ஐபி. கடைசி இரண்டில் 195-ஐ 256-ஆல் பெருக்கி 80-ஐக் கூட்டினால் 50000, அதுதான் போர்ட் எண். இந்த வரியில் ஸ்கிரிப்ட் எந்த ஐபியை எழுதுகிறது என்று பாருங்கள். சில புரோகிராம்கள் ஹோஸ்ட்நேமைத் தேடி, கிடைத்த முதல் ஐபியை எழுதிவிடும். நான்கு ஐபி உள்ள மெஷினில் அது எதுவாகவும் இருக்கலாம். 127-ல் தொடங்கும் முகவரியாக இருந்துவிடுவதும் உண்டு. கன்ட்ரோல் கனெக்‌ஷன் 13-லிருந்து வந்திருக்க, போர்ட் வரியில் 10 என்று எழுதியிருந்தால் பெரும்பாலான சர்வர்கள் ஏற்காது. வேறொருவர் மெஷினைத் தாக்க எஃப்டிபி சர்வரை ஏவிவிடும் ‘பவுன்ஸ்’ தாக்குதல் 1990-களில் பெரிய தலைவலியாக இருந்ததால் வந்த எச்சரிக்கை அது. விஎஸ்எஃப்டிபிடியில் இதற்கு ‘500 இல்லீகல் போர்ட் கமாண்ட்’ என்று பதில் வரும். உங்களுக்கு 500 வராமல் 425 வருவதால் என் கணிப்பு பாஸிவ் பக்கமே சாய்கிறது. ஆனால் ஆக்டிவில் உங்கள் பக்க ஃபயர்வால் அவர்கள் சர்வரை உள்ளே விடாவிட்டாலும் 425-தான் வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கணிப்பை விடுங்கள், கண்ணால் பார்த்துவிடலாம். ஒரு டெர்மினலில் ரூட்டாக, அதாவது நிர்வாகி உரிமையோடு, டிசிபிடம்பை (போய்வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) ஓட விடுங்கள். ஐபியைப் பெயராக மாற்றாமல் இருக்க ‘என்’ ஆப்ஷன், எல்லாக் கார்டையும் பார்க்க ‘எனி’, அப்புறம் ‘ஹோஸ்ட் 203.0.113.25’ என்ற வடிகட்டி. போர்ட் 21 என்று வடிகட்டாதீர்கள். பலரும் இதைத்தான் செய்துவிட்டு, டேட்டா கனெக்‌ஷன் கண்ணில் படவே இல்லை என்கிறார்கள். அது வேறு போர்ட்டில் போகும்போது எப்படிப் படும்? இன்னொரு டெர்மினலில் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். டம்ப்பில் நீங்கள் தேட வேண்டியது ‘எஸ்’ கொடி மட்டும் உள்ள வரிகள். கனெக்‌ஷனைத் தொடங்கும் சின் பாக்கெட்டுகள் அவை. முதலாவது 21-க்குப் போகும். இரண்டாவது ஏதோ ஒரு பெரிய போர்ட்டுக்குப் போகும். இரண்டு வரியிலும் இடப்பக்கம் இருக்கும் ஐபி ஒன்றுதானா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் போதும். டம்ப் எடுக்க அனுமதி இல்லாத இடம் என்றால், ஸ்கிரிப்ட் தொங்கிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில் ‘எஸ்எஸ்’ கமாண்டை அடியுங்கள். ‘சின்-சென்ட்’ நிலையில் நிற்கும் வரியில் அனுப்புநர் ஐபி தெரியும்.

டம்ப் வேறு சில சங்கதிகளையும் சொல்லும். சின் பாக்கெட் போய்ப் போய் 1 நொடி, 2 நொடி, 4 நொடி என்று இடைவெளி கூடிக்கொண்டே திரும்ப முயன்றால், வழியில் யாரோ அதைக் கீழே போடுகிறார்கள். உடனடியாக ‘ஆர்’ கொடியோடு ரீசெட் திரும்பி வந்தால், எதிரே மெஷின் இருக்கிறது, அந்த போர்ட்டில் யாரும் இல்லை அல்லது வேண்டுமென்றே மறுக்கிறார்கள். கனெக்‌ஷன் முழுதாக அமைந்து, அதன் பிறகு எதிர்த்தரப்பு மூடினால், எஃப்டிபி சர்வரே ஐபி பொருத்தம் பார்த்து வெளியேற்றியிருக்கலாம். பதில் பாக்கெட் உங்கள் கார்டு வரை வந்தும் கனெக்‌ஷன் அமையவில்லை என்றால் சிக்கல் உங்கள் மெஷினுக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்கிரிப்டை ஓட்டாமலேயே கெர்னலிடம் நேரடியாகக் கேட்கவும் வழி உண்டு. ‘ஐபி ரவுட் கெட் 203.0.113.25’ என்று கேட்டால், எந்த கேட்வே (பாக்கெட் வெளியே போகும் வாசல்), எந்தக் கார்டு, எந்த எஸ்ஆர்சி என்று ஒரே வரியில் பதில் வரும். பைண்ட் செய்யாத எல்லாக் கனெக்‌ஷனும் அந்த எஸ்ஆர்சியில்தான் போகும். உங்கள் மெஷினில் அது 10 என்று வந்தால் என் சந்தேகம் ஏறத்தாழ உறுதியாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை: கெர்னல் சொல்வது உங்கள் மெஷினை விட்டுக் கிளம்பும்போது உள்ள ஐபி. வழியில் நேட் இருந்தால் எதிர்த்தரப்புக்குத் தெரிவது வேறாக இருக்கும். கிளவுடில் இது வழக்கம். அங்கே உங்கள் மெஷினுக்குத் தன் பப்ளிக் ஐபி எதுவென்றே தெரியாது. உள் நெட்வொர்க்குக்கான பிரைவேட் முகவரிகள் மட்டுமே அதனிடம் இருக்கும், ஒவ்வொன்றையும் வெளியே ஒரு பப்ளிக் ஐபியோடு கோத்திருப்பார்கள். அனுமதி வாங்கியது பப்ளிக் ஐபி என்பதால் அதையே ஸ்கிரிப்டில் எழுதினால் ‘கெனாட் அசைன் ரிக்வெஸ்டட் அட்ரஸ்’ என்று பிழை வரும். அதோடு கோத்திருக்கும் பிரைவேட் முகவரியைத்தான் எழுத வேண்டும்.

சரி, எப்படிச் சரிசெய்வது? எனக்குப் பிடித்த வழி ஸ்கிரிப்டைத் தொடாதது. அந்த ஒரு இலக்குக்கு மட்டும் தனியாக ரவுட் வரி ஒன்று சேர்த்து, அதில் எஸ்ஆர்சி 13 என்று எழுதிவிடுங்கள்: ‘ஐபி ரவுட் ஆட் 203.0.113.25’, பிறகு ‘வயா’ போட்டு உங்கள் கேட்வே, ‘டெவ்’ போட்டுக் கார்டின் பெயர், கடைசியில் ‘எஸ்ஆர்சி 198.51.100.13’. இனிமேல் அந்த நிறுவனத்துக்குப் போகும் எல்லாமே, கன்ட்ரோல், டேட்டா, நாளைக்கு யாராவது கையால் சோதிப்பது உட்பட, 13-லிருந்து போகும். மற்ற டிராஃபிக் எதுவும் அசையாது. ஆனால் பாஸிவ் பதிலில் அவர்கள் சர்வர் கொடுக்கும் ஐபி வேறாக இருந்தால் இந்த ஒற்றை வரி போதாது. 227 என்று தொடங்கும் பதிலில் அடைப்புக்குள் உள்ள ஆறு எண்களைப் பாருங்கள். முதல் நான்கு 203.0.113.25 இல்லாமல் பக்கத்து முகவரி ஏதாவதாக இருந்தால், அவர்கள் வரம்பு முழுவதற்கும் ரவுட் எழுதுங்கள். அந்த ஆறு எண்களில் 192.168 என்று தொடங்கினால், அது அவர்கள் சர்வர் நேட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு தன் உள் முகவரியைச் சொல்கிறது என்று அர்த்தம், திருத்த வேண்டியவர்கள் அவர்கள். ஃபைல் பரிமாற்றக் கமாண்டான கர்ல், 7.74.0 பதிப்பிலிருந்து இந்தப் பதிலில் வரும் ஐபியைக் கண்டுகொள்வதில்லை, கன்ட்ரோல் போன அதே ஐபிக்கே டேட்டாவையும் அனுப்பும். கர்லில் வேலை செய்கிறது, நம் ஸ்கிரிப்டில் இல்லை என்று சிலர் குழம்புவதற்கு இது ஒரு காரணம்.

டிஃபால்ட் ரவுட்டிலேயே (தனி வரி இல்லாத எல்லா இலக்குக்குமான பொது வழி) எஸ்ஆர்சி எழுதிவிடலாமே என்று தோன்றும். செய்யலாம்தான், ஆனால் அந்த 13 இரண்டு சர்வர்களுக்கு நடுவே இடம் மாறும் மிதக்கும் ஐபியாக இருந்தால் செய்யவே செய்யாதீர்கள். ஒரு முகவரி கார்டிலிருந்து நீங்கும்போது, அதை எஸ்ஆர்சியாக வைத்திருக்கும் ரவுட் வரிகளையும் கெர்னல் சேர்த்தே நீக்கிவிடும். ஐபி பக்கத்து சர்வருக்கு மாறிய அந்த நொடியில் இந்த சர்வருக்கு டிஃபால்ட் ரவுட்டே இருக்காது. நடு ராத்திரியில் இதைக் கண்டுபிடிப்பது சிரமம். மிதக்கும் ஐபி உள்ள இடங்களில், அந்த ஐபி கைக்கு வரும்போது இலக்குக்கான தனி ரவுட்டையும் சேர்க்கும்படி, ஐபியை இடம் மாற்றும் கீப்அலைவ்டி போன்றவற்றின் ஸ்கிரிப்டிலேயே எழுதிவைப்பது மேல். ஃபைல் அனுப்பும் வேலையும் ஐபி இருக்கும் சர்வரில்தான் ஓட வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ரவுட்டைத் தொட நெட்வொர்க் ஆட்கள் விடமாட்டார்கள் என்றால் புரோகிராமில் திருத்துங்கள். கர்லில் ‘இன்டர்ஃபேஸ்’ ஆப்ஷனில் ஐபியைக் கொடுத்தால் இரண்டு கனெக்‌ஷனுக்கும் பொருந்தும். எல்எஃப்டிபியில் ‘நெட் சாக்கெட் பைண்ட் ஐபிவி4’ என்ற செட்டிங் உண்டு. டேட்டா சாக்கெட்டையும் கன்ட்ரோலின் முகவரியிலேயே கட்டுவது அதில் இயல்பாகவே இயங்கும். பைத்தானின் எஃப்டிபிலிப் தொகுப்பில் ‘சோர்ஸ் அட்ரஸ்’ கொடுத்தால் டேட்டாவுக்கும் அதையே எடுத்துக்கொள்ளும். பிஎச்பியின் எஃப்டிபி கனெக்டில் அனுப்புநர் ஐபியைக் கொடுக்கவே இடமில்லை. அங்கே ரவுட் வழிதான், அல்லது கர்ல் வழியாகப் போவது. மூன்றாவது வழி லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் எஸ்நேட் (அனுப்புநர் ஐபியை மாற்றும்) விதி எழுதி, அந்த இலக்குக்குப் போவதையெல்லாம் 13 ஆக மாற்றுவது. வேலை செய்யும், ஆனால் எனக்கு இது கடைசி இடத்தில்தான். பைண்ட் ஒன்று, ரவுட் ஒன்று, நேட் ஒன்று என்று மூன்று இடத்தில் ஐபி மாறினால் அடுத்து வருபவர் டம்ப்பைப் பார்த்துத் தலையைப் பிய்த்துக்கொள்வார். ஆக்டிவ் மோடில் போர்ட் வரிக்குள் எழுதிய பழைய ஐபியை மாற்ற எஃப்டிபிக்கான நேட் உதவி மாட்யூலும் தேவைப்படும். எதைச் செய்தாலும், ‘ஐபி’ கமாண்டில் அடித்தது ரீபூட்டில் காணாமல் போகும். நெட்பிளானோ நெட்வொர்க்மேனேஜரோ, உங்கள் மெஷினில் எது ஆள்கிறதோ அதன் கான்ஃபிகரேஷனிலும் எழுதிவிடுங்கள்.

ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன் என்றீர்களே, அந்தச் சோதனையை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். ஃபயர்வால் சர்வீஸை நிறுத்தினால், தடுக்கும் விதிகளோடு, அது எழுதிய நேட் விதிகளும் போய்விடும். ஏற்கெனவே யாராவது எஸ்நேட் எழுதி 10-ஐ 13 ஆக மாற்றிக்கொண்டிருந்தால், நிறுத்திய நேரத்தில் நிலைமை இன்னும் மோசமாகத்தான் ஆகியிருக்கும், சோதனை எதையும் நிரூபித்திருக்காது. நிறுத்துவதற்குப் பதில் விதிகளின் பட்டியலை நேட் டேபிளோடு சேர்த்து எடுத்துப் படியுங்கள்.

இரண்டு கார்டு, இரண்டு இணைய லைன் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே எஸ்ஆர்சி மட்டும் சரியாக இருந்தால் போதாது. லினக்ஸ் வழக்கமாக ரவுட்டைத் தேர்வு செய்வது இலக்கைப் பார்த்துத்தான். இரண்டாவது லைனின் ஐபியை பைண்ட் செய்தாலும், பாக்கெட் முதல் லைனின் கேட்வே வழியாகவே வெளியேறும். அந்த லைன்காரர் ‘இது என் ஐபி இல்லையே’ என்று கீழே போட்டுவிடலாம். இதற்கு ‘ஐபி ரூல்’ மூலம், இந்த ஐபியிலிருந்து கிளம்பினால் இந்தத் தனி டேபிளைப் பார் என்று எழுத வேண்டும். அப்படியும் பதில் வந்து கனெக்‌ஷன் அமையாவிட்டால் ‘ஆர்பி ஃபில்டர்’ செட்டிங்கைப் பாருங்கள். 1 என்றால், பதில் வந்த கார்டு வழியாகவே அந்த முகவரிக்குத் திரும்பிப் போகும் ரவுட் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். 2 என்றால் கொஞ்சம் தளர்வு. ‘ஆல்’ என்பதற்கும் அந்தக் கார்டுக்கும் தனித்தனி மதிப்பு உண்டு, இரண்டில் பெரியதுதான் செல்லும் என்பதால் ஒன்றை மட்டும் 0 ஆக்கிவிட்டு மாற்றமில்லையே என்று முழிக்காதீர்கள். சில நாள் போகிறது, சில நாள் போகவில்லை என்பவர்கள் தங்கள் நேட் பெட்டியையும் சந்தேகப்பட வேண்டும். ஐபி தொகுப்பிலிருந்து கனெக்‌ஷனுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுக்கும்படி அது அமைந்திருந்தால், கன்ட்ரோலும் டேட்டாவும் ஒரே ஐபியில் போவது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. விண்டோஸ் சர்வரில் தேர்வு விதிகள் வேறு. வெளியே போக வேண்டாத ஐபிகளை ‘ஸ்கிப் ஆஸ் சோர்ஸ்’ என்று குறித்துவைக்க வழி உண்டு. விண்டோஸோடு வரும் எஃப்டிபி கமாண்டில் பாஸிவ் மோடே கிடையாது, அதை வைத்துச் சோதித்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இதே மாதிரி தோன்றி, ஐபிக்குச் சம்பந்தமே இல்லாதவை சில உண்டு. டிஎல்எஸ் (குறியாக்கம்) போட்ட எஃப்டிபியில் சில சர்வர்கள் டேட்டா கனெக்‌ஷன் கன்ட்ரோலின் டிஎல்எஸ் செஷனையே மறுபடி பயன்படுத்த வேண்டும் என்று கட்டாயப்படுத்தும்; விஎஸ்எஃப்டிபிடியில் அது இயல்பான செட்டிங், மீறினால் 522 வரும். சின்ன ஃபைல் போகிறது, பெரிய ஃபைல் நடுவில் உறைந்துவிடுகிறது என்றால் எம்டியூவை (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) பாருங்கள். ஃபைல் முழுதாகப் போய்ச் சேர்ந்தும் 226 என்ற முடிவுச் செய்தி வராமல் ஸ்கிரிப்ட் தோல்வி என்கிறதா? நீண்ட நேரம் பேச்சுமூச்சில்லாமல் இருந்த கன்ட்ரோல் கனெக்‌ஷனை வழியில் ஒரு ஃபயர்வால் மறந்துவிட்டிருக்கும். எதிர்த்தரப்பின் பெயருக்கு ஐபிவி6 முகவரியும் இருந்து, உங்கள் மெஷினிலும் ஐபிவி6 இருந்தால், அனுமதிப் பட்டியலில் இல்லாத ஒரு நீண்ட முகவரியிலிருந்து நீங்கள் போய்க்கொண்டிருக்கலாம். உங்கள் விஷயத்தில் லாகின் ஆகிவிடுவதால் கடைசியாகச் சொன்னதற்கு வாய்ப்புக் குறைவு.

ஆக யார் பக்கம்? டேட்டா கனெக்‌ஷன் சிக்கல் என்பது உறுதி. லாகின் ஆன பிறகு பட்டியலும் ஏற்றமும் மட்டும் நிற்பதற்கும், 425-க்கும் வேறு விளக்கம் இல்லை. அது 10-லிருந்து போவதால்தான் என்பது வலுவான ஊகம், ஸ்கிரிப்டைப் பார்க்காமல் அதற்கு மேல் சொல்ல முடியாது. இரண்டு சின் பாக்கெட்டும் 13-லிருந்தே போவதாக டம்ப் காட்டி, இரண்டாவதற்கு மட்டும் பதில் வரவில்லை என்றால் என் ஊகம் தப்பு. பெரும்பாலும் அவர்கள் 21-ஐ மட்டும் உங்களுக்குத் திறந்துவிட்டு, பாஸிவ் போர்ட் வரம்பைத் திறக்க மறந்திருப்பார்கள். அப்போது அவர்களுக்கு எழுதும்போது ‘உங்கள் ஃபயர்வாலைப் பாருங்கள்’ என்று பொதுவாக எழுதாதீர்கள், ‘எங்கள் பக்கம் எல்லாம் சரி’ என்று ஒரு வரிப் பதில் வரும், அதோடு ஒரு நாள் போகும். தேதி, நொடி வரைக்கும் நேரம், எந்த டைம்சோன், எங்கள் ஐபியும் போர்ட்டும், உங்கள் ஐபியும் போர்ட்டும் என்று டம்ப்பில் உள்ளபடி எழுதி, அந்த நொடியில் உங்கள் ஃபயர்வால் லாகிலும் எஃப்டிபி லாகிலும் எங்கள் டேட்டா கனெக்‌ஷன் எந்த ஐபியிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள்.

அப்படியே எஸ்எஃப்டிபிக்கு மாற முடியுமா என்றும் கேட்டுவிடுங்கள். பெயர் ஒத்திருந்தாலும் அது எஸ்எஸ்எச் மேல் ஓடும் வேறு நெறிமுறை. போர்ட் 22-ல் ஒரே கனெக்‌ஷன், லாகினும் ஃபைலும் அதற்குள்ளேயே. கிளையண்ட் கான்ஃபிகரேஷனில் அந்த ஹோஸ்டுக்கு ‘பைண்ட் அட்ரஸ்’ என்று 13-ஐ ஒரு வரி எழுதினால் அனுப்புநர் ஐபி முடிந்தது. பில்லிங் ஃபைல் என்கிறீர்கள். டிஎல்எஸ் இல்லாத எஃப்டிபியில் அதன் உள்ளடக்கமும் பாஸ்வேர்டும் வழிநெடுக அப்படியே படிக்கும்படி போகின்றன. நீங்கள் எடுக்கப்போகும் டம்ப்பிலேயே, பாக்கெட்டின் உள்ளடக்கத்தைக் காட்டச் சொன்னால், அந்த பாஸ்வேர்டு தெரியும். யாருக்காவது டம்ப்பை அனுப்புவதாக இருந்தால் அந்த வரியை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.